காலியாகத் தெரிந்த பாதை: டெல்லியின் பஸ் வழித்தடம் கட்டப்பட்டதும் இடிக்கப்பட்டதும்

(ஒலி வடிவில் வெளியான அத்தியாயத்தின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

இன்றைக்கு ஒரு சாலையின் கதை. வெறும் 5.8 கிலோமீட்டர்தான். ஆனால் இந்தியாவில் நகரப் போக்குவரத்து வேலை செய்கிற யாரிடம் கேட்டாலும் இந்தச் சாலையைப் பற்றி ஒரு கருத்து இருக்கும்.

எனக்கு இந்தக் கதை தேவைப்பட்டது ஒரு கூட்டத்தில். சில வருடங்களுக்கு முன்னால், தமிழ்நாட்டில் ஒரு நகரம். பெயர் வேண்டாம். அங்கே ஒரு முக்கியச் சாலையில் காலையும் மாலையும் நின்று வண்டிகளை எண்ணினோம். சாலையில் போகிற ஆட்களில் பெரும்பகுதி பஸ்ஸில்தான் போனார்கள். ஆனால் பஸ், காருக்கும் பைக்குக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது. சரி, மூன்று கிலோமீட்டருக்கு மட்டும், நெரிசல் நேரத்தில் மட்டும், பஸ்ஸுக்கு ஒரு தனிப்பாதை ஒதுக்கிப் பார்க்கலாம் என்று எழுதிக்கொண்டு போனோம்.

கூட்டத்தில் ஒரு பெரியவர், அந்தப் பகுதி மக்கள் பிரதிநிதி, பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு ஒரே வரி சொன்னார்: "தம்பி, இதெல்லாம் டெல்லியிலயே போட்டுப் பாத்து இடிச்சுட்டாங்க. நமக்கு எதுக்குப்பா?"

எல்லோரும் சிரித்தார்கள். கோப்பு மூடியது. எனக்குப் பதில் வரவில்லை. ஏன் என்றால், டெல்லியில் இடித்தார்கள் என்று எனக்கும் தெரியும். எதை, ஏன் இடித்தார்கள் என்று ஒழுங்காகத் தெரியாது. அதற்குப் பிறகு தேடிப் படித்ததுதான் இந்த அத்தியாயம். அந்தப் பெரியவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பஸ்ஸை நம்பிய நகரம்

1990-களின் டெல்லியை நினைத்துக்கொள்ளுங்கள். மெட்ரோ இல்லை. அதன் முதல் பாதை, ஷாதராவிலிருந்து தீஸ் ஹசாரி வரை, 2002 டிசம்பரில்தான் திறந்தது. அதுவரை நகரத்தைத் தூக்கிச் சுமந்தது பஸ். அரசுக் கழகத்தின் பஸ்கள் போதவில்லை. 1992-ல் தனியார் பஸ்களை உள்ளே விட்டார்கள். முதலில் அதற்குப் பெயர் ரெட்லைன். விபத்துகளால் பெயர் கெட்டுப்போனதும் வண்ணத்தை மாற்றி ப்ளூலைன் ஆக்கினார்கள். வண்ணம்தான் மாறியது.

ஏன் அவ்வளவு விபத்து? ஓட்டுநர் கெட்டவர் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அமைப்பைப் பாருங்க. ஒவ்வொரு பஸ்ஸும் ஒவ்வொரு முதலாளிக்குச் சொந்தம். வருமானம் ஏறுகிற ஆட்களைப் பொறுத்தது. முன்னால் போகிற பஸ் அடுத்த நிறுத்தத்தின் கூட்டத்தை அள்ளிவிடும். அப்படியென்றால் அதை முந்தியே ஆக வேண்டும். போட்டி சாலையில் நடந்தது. அடிபட்டவர்கள் நடந்துபோனவர்களும் சைக்கிளில் போனவர்களும்.

இன்னொரு பக்கம் காற்று. 1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. டெல்லியின் பஸ்கள் எல்லாம் சிஎன்ஜி எரிவாயுவுக்கு மாற வேண்டும் என்ற பகுதி எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. அதே உத்தரவில், 2001 ஏப்ரலுக்குள் பஸ்களின் எண்ணிக்கையை 10,000 ஆக்க வேண்டும் என்றும் இருந்தது. எரிவாயு மாற்றம் தட்டுத்தடுமாறி நடந்து முடிந்தது. பத்தாயிரம் பஸ் சொன்ன தேதிக்கு வரவில்லை. ஒரு உத்தரவின் ஒரு பாதி வரலாறு ஆனது, மறுபாதி அடிக்குறிப்பு ஆனது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சைக்கிளை எண்ணியவர்கள்

அதே காலத்தில் டெல்லி ஐஐடியில் ஒரு குழு சாலைகளைப் படித்துக்கொண்டிருந்தது. தினேஷ் மோகன், கீதம் திவாரி இரண்டு பேரும் அதில் முக்கியமானவர்கள். தினேஷ் மோகன் அடிப்படையில் விபத்துகளை ஆராய்ந்தவர். மோதும்போது உடம்புக்கு என்ன ஆகிறது என்பதிலிருந்து சாலைக்கு வந்தவர். திவாரி போக்குவரத்துப் பொறியாளர்; டெல்லியின் சைக்கிள்காரர்களைப் பற்றி நிறைய ஆராய்ந்தவர்.

அவர்கள் கண்டது எளிமையான விஷயம். டெல்லியின் பெரிய சாலைகளை வரைந்தபோது யாருமே சைக்கிளுக்கு இடம் விடவில்லை. ஆனால் சைக்கிள்கள் சாலையில் இருந்தன. எங்கே? இடது ஓரத்தில். பஸ் நிற்பதும் இடது ஓரத்தில். அதனால் பஸ் நிறுத்தத்துக்கு வரும்போதெல்லாம் சைக்கிளோடு உரசியது, அல்லது ஓரத்துக்கு வராமல் சாலை நடுவிலேயே நின்றது. பயணிகள் ஓடிப்போய் ஏறினார்கள். பின்னால் காரெல்லாம் நின்றன.

இதிலிருந்து அவர்கள் எடுத்த முடிவு: சைக்கிளுக்கும் நடப்பவருக்கும் தனி இடம் கொடுத்தால்தான் பஸ் ஒழுங்காக ஓடும், பஸ் ஒழுங்காக ஓடினால்தான் மற்ற வண்டிகளும் ஓடும். ஏழைக்கு இடம் கொடுப்பது தர்மம் என்று அவர்கள் வாதாடவில்லை. பொறியியலாகவே அதுதான் சரி என்றார்கள்.

உலகத்தில் முன்னுதாரணமும் இருந்தது. பிரேசிலின் குரிச்சிபா நகரத்தில், ஜைமே லெர்னர் என்ற கட்டடக் கலைஞர் மேயராக இருந்தபோது, 1974-ல் பஸ்ஸுக்கென்று தனிப்பாதை போட்டுக் காட்டினார்கள். 2000 டிசம்பரில் கொலம்பியாவின் பொகோட்டாவில் டிரான்ஸ்மிலேனியோ தொடங்கியது. ரயில் மாதிரி நிலையம், முன்கூட்டியே டிக்கெட், யாரும் குறுக்கே வராத பாதை. மெட்ரோவோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. இதைத்தான் பிஆர்டி என்கிறோம், அதாவது விரைவுப் பேருந்து வழித்தடம்.

டெல்லி அரசு இந்த யோசனையை ஏற்றுக்கொண்டது. ஷீலா தீட்சித் அப்போது முதலமைச்சர். நகரம் முழுக்கப் பல வழித்தடங்கள் என்று கனவு. முதல் வழித்தடம் தெற்கே அம்பேத்கர் நகரிலிருந்து வடக்கே டெல்லி கேட் வரை, 14.5 கிலோமீட்டர். முதல் பகுதி அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை, 5.8 கிலோமீட்டர். 2006-ல் வேலை தொடங்கியது.

அதே 2006-ல் மத்திய அரசின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையும் வந்தது. அதன் சாரம், சாலை இடத்தை வண்டிகளின் எண்ணிக்கையை வைத்துப் பங்கிடாமல் ஆட்களின் எண்ணிக்கையை வைத்துப் பங்கிட வேண்டும் என்பது. காகிதத்தில் எல்லாம் கூடிவந்த வருடம் அது.

அந்தச் சாலையில் யார் போனார்கள்?

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கணும். அம்பேத்கர் நகர், பக்கத்தில் தக்ஷிண்புரி, இதெல்லாம் 1970-களில் நகரத்துக்குள்ளிருந்த குடிசைகளை அகற்றி மக்களைக் கொண்டுபோய்க் குடிவைத்த பகுதிகள். அவர்கள் வேலைக்குப் போவது எங்கே? அதே சாலையில் வடக்கே வந்தால் கிரேட்டர் கைலாஷ், டிஃபென்ஸ் காலனி பக்கம். டெல்லியின் வசதியான வட்டாரம். வீட்டுவேலை செய்கிறவர், காவலாளி, எலக்ட்ரீஷியன், கடைப் பையன் என்று ஒரு கூட்டம் பஸ்ஸிலும் சைக்கிளிலும் போனது. அவர்களை வேலைக்கு வைத்தவர்கள் அதே சாலையில் காரில் போனார்கள்.

ஒரே சாலை, இரண்டு டெல்லி. திட்டமிட்டவர்கள் இந்தச் சாலையைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் அகலம். பஸ், கார், சைக்கிள், நடைபாதை நாலுக்கும் இடம் போடுகிற அளவுக்கு அகலம் இருந்தது. இரண்டாவது, பஸ் கூட்டம் அதிகம். பொறியாளர் கண்ணுக்கு இது சரியான இடம். அரசியல் கண்ணால் பார்த்தால், இதைவிடச் சிக்கலான இடம் டெல்லியில் கிடைத்திருக்காது.

நடுவிலா, ஓரத்திலா?

கொஞ்சம் தொழில்நுட்பம் பேசலாம், ஏன்னா சண்டையே இதில்தான்.

பஸ் பாதையைச் சாலை ஓரத்தில் போடுவது மலிவு. ஆனால் நம்ம ஊரில் ஓரம் என்பது எத்தனை பேருக்குச் சொந்தம்? நிறுத்திய பைக், இறக்கிவிடுகிற ஆட்டோ, தள்ளுவண்டி, கடைக்கு வந்த லாரி, இடதுபக்கம் திரும்புகிற கார். பெயின்ட் அடித்தால் போதாது. ஒரு வாரத்தில் பாதை மறைந்துவிடும். அதனால் டெல்லியில் பஸ்ஸைச் சாலை நடுவுக்குக் கொண்டுபோனார்கள். நடுவில் பஸ், அதற்கு வெளியே கார்களுக்கு ஒரு பக்கத்துக்கு இரண்டு பாதை, அதற்கும் வெளியே சைக்கிள், கடைசியில் நடைபாதை.

அடுத்தது கதவு. இந்தியப் பஸ்களுக்குக் கதவு இடது பக்கம். புது மாதிரி பஸ் வாங்காமல், ஏற்கெனவே ஓடுகிற எல்லாப் பஸ்ஸும் பாதைக்குள் வந்து போகலாம் என்று டெல்லி முடிவுசெய்தது. இதற்குத் திறந்த முறை என்று பெயர். எங்கிருந்தோ வருகிற பஸ் இந்த வழித்தடத்தில் நுழையும், கொஞ்ச தூரம் வேகமாகப் போகும், வெளியேறும். பயணி வண்டி மாற வேண்டாம். நல்ல யோசனைதான். ஆனால் விலை என்ன? பழைய ப்ளூலைனும் உள்ளே வரும். ஒரு பஸ் பழுதாகி நின்றால் பின்னால் வரிசையாக எல்லாம் நிற்கும். அப்படி நின்றன.

மூன்றாவது, நிறுத்தம். நிறுத்தங்களைச் சந்திப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். மக்கள் சிக்னலில் சாலையைக் கடந்து நடுவுக்கு வரட்டும் என்ற எண்ணம். ஆனால் சந்திப்பில் ஏற்கெனவே கார் நேராக, கார் வலமாக, பஸ் நேராக, பஸ் திரும்ப, ஆள் கடக்க என்று எல்லாவற்றுக்கும் பச்சை விளக்குப் பங்கு போட வேண்டியிருந்தது. பங்கு கூடக்கூட ஒவ்வொருவரும் காத்திருக்கிற நேரமும் கூடியது. சிராக் டெல்லி சந்திப்பு இதில் மோசமானது.

2008 ஏப்ரல்

2008 ஏப்ரலில் சோதனை ஓட்டம் தொடங்கியது. தொடங்கிய நாளே நெரிசல். சிக்னல் ஒழுங்காக வேலை செய்யவில்லை. கார் ஓட்டுபவர்களுக்கு எந்தப் பாதை தங்களுடையது என்று தெரியவில்லை. பஸ் பாதைக்குள் புகுந்தார்கள். நடப்பவர்கள் எங்கே கடப்பது என்று புரியாமல் நடுவில் ஓடினார்கள். வேகமாக வந்த பஸ்ஸில் அடிபட்டார்கள். ஒழுங்குபடுத்தத் தனியாக ஆட்களை நிறுத்த வேண்டியதாயிற்று.

தொலைக்காட்சிகள் அங்கேயே முகாம் போட்டன. படம் பிடிப்பதற்கு அதைவிட வசதியான காட்சி எது? ஒரு பக்கம் கார்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. பக்கத்திலேயே ஒரு பாதை காலியாகக் கிடக்கிறது. பார்க்கிற யாருக்கும் கோபம் வரும். எனக்கே வரும்.

ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. முப்பது விநாடிக்கு ஒரு பஸ் என்றால் மணிக்கு 120 பஸ். ஒரு பஸ்ஸில் 50 பேர் என்றால் 6,000 பேர். பக்கத்தில் கார் பாதையில், சிக்னல் உள்ள நகரச் சாலையில், மணிக்கு 800 கார் போனால் நல்ல கணக்கு. ஒரு காரில் சராசரியாக ஒன்றரை ஆள் என்று வைத்தால் 1,200 பேர். இது டெல்லியில் எண்ணிய எண் இல்லை, கணக்கைப் புரிந்துகொள்ள நான் போட்டது. ஆனாலும், முப்பது விநாடிக்கு ஒரு பஸ் போகிற பாதை எப்படித் தெரியும்? காலியாகத் தெரியும். ஒரு பஸ் போனபிறகு இருபத்தைந்து விநாடிக்கு மேல் அங்கே தார் மட்டும்தான். நன்றாக வேலை செய்கிற பஸ் பாதை, காருக்குள் உட்கார்ந்து பார்ப்பவருக்கு வீணாகக் கிடக்கிற பாதை. நிரம்பி வழிகிற பாதைதான் தோற்றுக்கொண்டிருக்கிற பாதை.

இதை யாராவது மக்களுக்கு முன்கூட்டியே சொன்னார்களா? போதுமான அளவுக்கு இல்லை. அதுதான் முதல் பெரிய தவறு. அந்த வருடமே அறிவியல் சுற்றுச்சூழல் மையம், சிஎஸ்இ, அங்கே பயணிகளிடம் கருத்துக் கேட்டது. பெரும்பாலானவர்கள் வழித்தடம் தொடரட்டும் என்றார்கள். சைக்கிள்காரர்களுக்கு முதல்முறையாக ஒரு பாதை. பஸ்ஸில் வந்தவருக்கு நேரம் மிச்சம். ஆனால் பத்து நிமிடம் மிச்சமானவர் தொலைக்காட்சிக்குப் போன் போட்டு நன்றி சொல்ல மாட்டார். வேலைக்குப் போய்விடுவார். பத்து நிமிடம் இழந்தவர் சும்மா இருக்க மாட்டார். போக்குவரத்துத் திட்டத்தில் வேலை பார்க்கிற ஒவ்வொருவரும் இதை ஒருமுறையாவது பட்டுத் தெரிந்துகொள்வோம்.

எதிர்க்கட்சி இந்தத் திட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. அந்த வருடக் கடைசியில் தேர்தல். ஷீலா தீட்சித் மூன்றாவது முறையாக வென்றார். அதாவது, பஸ் பாதை போட்டால் ஆட்சி போய்விடும் என்று சொல்கிறவர்களுக்கு டெல்லி 2008 ஒரு பதில். இருந்தாலும் அரசுக்குப் பழைய தைரியம் வரவில்லை. நடுவில் தனிப்பாதை என்ற வடிவம் மூல்சந்தைத் தாண்டவேயில்லை.

யார் கையில் சாவி?

டெல்லி மெட்ரோவும் அதே நகரத்தில், அதே காலத்தில்தான் கட்டப்பட்டது. அது பாராட்டு வாங்கியது. ஸ்ரீதரன் திறமையானவர், சந்தேகமில்லை. ஆனால் அவருக்கு இருந்த ஒரு வசதியையும் பார்க்க வேண்டும். 1995-ல் மெட்ரோவுக்கென்றே ஒரு கழகம் தொடங்கினார்கள். தண்டவாளம் அவர்களுடையது, வண்டி அவர்களுடையது, சிக்னல், நிலையம், டிக்கெட் எல்லாம் அவர்களுடையது. மண்ணுக்கு அடியிலோ தூணுக்கு மேலேயோ ஓடுவதால் கார்காரர் ஒரு அங்குலம் இழக்கவில்லை.

பஸ் வழித்தடத்தை எடுத்துக்கோங்க. வடிவமைப்பு ஆலோசனை ஐஐடியிடம். பொறியியல் ஆலோசகர் ரைட்ஸ். நிர்வகிக்க 2006-ல் தொடங்கிய டிம்ட்ஸ் என்ற கூட்டு நிறுவனம். பஸ்ஸில் பாதி அரசுக் கழகம், பாதி தனியார். போக்குவரத்துக் காவலர்கள்? டெல்லி காவல்துறை மாநில அரசின் கீழ் இல்லை, மத்திய உள்துறையின் கீழ். பஸ் பாதைக்குள் புகுந்த காருக்கு அபராதம் போட வேண்டியவரும், அந்தப் பாதையைப் போட்டவரும் வேறு வேறு அரசுக்குப் பதில் சொல்கிறவர்கள். இப்படி ஒரு ஏற்பாட்டில் எது தவறினாலும் எல்லோரும் இன்னொருவரைக் காட்டலாம். கடைசியில் பழி விழுந்தது, கையெழுத்துப் போடுகிற அதிகாரமே இல்லாத பேராசிரியர்கள் மேல்.

இங்கே அவர்களை முழுசாகக் காப்பாற்றவும் எனக்கு மனசு வரவில்லை. வடிவமைப்பில் பிழைகள் இருந்தன. திறந்த முறையை எடுத்தால் உள்ளே வருகிற பஸ்ஸின் தரத்தைக் கட்டுப்படுத்த வழி வேண்டும்; அது இல்லை. மொத்தம் 5.8 கிலோமீட்டர் என்றால், ஒரு பயணி தன் பயணத்தில் கால்வாசியைத்தான் வேகமாகப் போவார். மிச்சம் பழைய நெரிசல்தான். பலன் அரைகுறையாகவும் வலி முழுசாகவும் தெரிகிற நீளம் அது. நல்ல பஸ் வந்தபிறகு பாதையைத் திறந்திருக்கலாம். பாதை முதலில் வந்தது, பஸ் பின்னால் வந்தது. 1998 உத்தரவின் அந்த மறுபாதி ஞாபகம் இருக்கிறதா? பத்தாயிரம் பஸ். அது அடிக்குறிப்பாகவே இருந்துவிட்டதன் விலையை இந்தச் சாலையும் கொடுத்தது.

நீதிமன்றத்தில்

2012-ல் ஒரு அமைப்பு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பஸ் பாதையில் எல்லா வண்டிகளையும் விட வேண்டும் என்று வழக்கு. மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம் ஆய்வு செய்தது. வழித்தடம் இல்லாமல் இருப்பதே போக்குவரத்து ஓட்டத்துக்கு நல்லது என்ற பக்கம் அதன் அறிக்கை சாய்ந்தது. எதை அளக்கிறோம் என்பதுதான் இங்கே கேள்வி. சந்திப்பில் எத்தனை வண்டி கடந்தது என்று அளந்தால் ஒரு விடை. எத்தனை ஆள் கடந்தார்கள் என்று அளந்தால் வேறு விடை.

2012 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. மனு தள்ளுபடி. பஸ்ஸில் போகிறவர்களின் எண்ணிக்கையையும் நகரத்தின் எதிர்காலத்தையும் பார்த்து, வழித்தடம் தொடரலாம் என்றது நீதிமன்றம். காரில் போகிறவர்களுக்குச் சிரமம் என்பது மட்டும் ஒரு பொதுத் திட்டத்தை நிறுத்தப் போதாது என்பது அதன் சாரம். தேர்தலிலும் தோற்கவில்லை, நீதிமன்றத்திலும் தோற்கவில்லை. பிறகு எப்படி இடிந்தது?

அகமதாபாத் கற்றுக்கொண்டது

அதற்கு முன்னால் ஒரு சின்னப் பயணம், குஜராத்துக்கு. அகமதாபாத்தில் செப்ட் பல்கலைக்கழகத்தின் குழு அதே மாதிரி ஒரு திட்டத்தில் இருந்தது. டெல்லியில் நடந்ததை அவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பெயரிலேயே ஜாக்கிரதை, ஜன்மார்க், மக்கள் பாதை என்று வைத்தார்கள். பஸ் வலதுபக்கக் கதவோடு புதிதாக வந்தது. நடுவில் ஒரே நிலையம், இரண்டு திசைக்கும் போதும். மற்ற பஸ்ஸுக்கு உள்ளே அனுமதி இல்லை. முதலில் மிக நெரிசலான சாலைகளில் கை வைக்காமல், அகலமான சாலைகளில் தொடங்கினார்கள். 2009 அக்டோபரில் முறையாகத் தொடங்கும் முன் சில மாதங்கள் இலவசமாக ஓட்டிக்காட்டினார்கள். மக்கள் ஏறிப் பார்த்தார்கள், பழகினார்கள். தவறுகள் விழாவுக்கு முன்னாலேயே தெரிந்தன, திருத்தினார்கள். அடுத்த வருடமே சர்வதேச விருது.

ஆனால் இதிலும் ஒரு கணக்கு உண்டு. டெல்லி வடிவமைப்பின் இதயமாக இருந்தது சைக்கிளும் நடப்பவரும். அகமதாபாத்தில் பஸ் பாதை வென்றது. சைக்கிள் பாதையும் நடைபாதையும் பின்னுக்குப் போயின. எளிதாக ஜெயிக்கிற இடத்தில் தொடங்கினால், கஷ்டமான இடத்துக்குப் போகும்போது தள்ளிப்போடத் தோன்றும். இரண்டு நகரங்களும் ஆளுக்குப் பாதி சரி என்றுதான் நான் சொல்வேன்.

இடிப்பு

2013-ல் ஷீலா தீட்சித்தின் ஆட்சி முடிந்தது. 2015-ல் ஆம் ஆத்மி அரசு பெரும்பான்மையோடு வந்தது. அந்த வருடமே வழித்தடத்தை அகற்ற முடிவெடுத்தார்கள். 2016 ஜனவரியில் இயந்திரங்கள் வந்தன.

அந்த ஜனவரியில் இன்னொன்றும் நடந்தது. மாதத்தின் முதல் பதினைந்து நாள், காற்று மாசைக் குறைக்க, கார்களுக்கு ஒற்றைப்படை, இரட்டைப்படை முறை. காரை வீட்டில் வையுங்கள், பஸ்ஸில் போங்கள் என்று அதே அரசு மக்களைக் கேட்டுக்கொண்டது. அதே மாதம், அந்த நகரத்தில் பஸ்ஸுக்கென்று நடுவில் இருந்த ஒரே பாதையை அதே அரசு உடைத்தது. யாரும் சதி செய்யவில்லை. இரண்டுமே மக்கள் விரும்பியதாக நினைத்துச் செய்ததுதான். போக்குவரத்துத் திட்டமிடல் எவ்வளவு தனிமையான வேலை என்பதை எனக்கு இதைவிட நன்றாகக் காட்டிய நிகழ்ச்சி இல்லை.

பாதை போய்விட்டது. அதைச் சொல்லி மற்ற நகரங்களிலும் பயம் தொற்றியது. 2024-ல் போபாலில் பஸ் வழித்தடத்தை அகற்றத் தொடங்கினார்கள். 2025-ல் இந்தூரும் அதே வழிக்குப் போனது. தினேஷ் மோகன் 2021 மே மாதம் கொரோனாவில் இறந்தார். கடைசிவரை, ஆட்களை எண்ணுங்கள், வண்டிகளை எண்ணாதீர்கள் என்ற வாதத்திலிருந்து அவர் விலகவில்லை.

அந்தப் பெரியவருக்குப் பதில்

இப்போது அந்தக் கூட்டத்துக்குத் திரும்பிப் போனால் நான் என்ன சொல்வேன்?

ஐயா, நீங்க சொன்னது உண்மைதான், இடிச்சாங்க. ஆனா பஸ்ல போனவங்க இடிக்கச் சொல்லல. கோர்ட்டும் இடிக்கச் சொல்லல. பாதை போட்ட விதத்துல தப்பு இருந்துச்சு. அந்தத் தப்பை எல்லாம் எழுதிவச்சிருக்காங்க, நாம திரும்பச் செய்ய வேண்டியதில்ல. பஸ் வந்தப்புறம் பாதை போடலாம். சிக்னலை முதல்ல சரி பண்ணலாம். ஒரு மாசம் இலவசமா ஓட்டிக் காட்டலாம். காவல்துறையை முதல் கூட்டத்துலேயே உட்கார வைக்கலாம். பாதை ஏன் காலியாத் தெரியும்னு நீங்களே மேடையில சொல்லணும், நான் சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க.

கடைசியாக ஒன்று சொல்வேன். 2021-லிருந்து நம்ம மாநிலத்தில் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வேலைக்குப் போகிற எத்தனையோ பேருக்கு அது மாதம் கையில் நிற்கிற பணம். அதைக் கொடுத்த நாமே, அந்தப் பஸ்ஸை நாற்பது நிமிடம் நெரிசலில் நிறுத்தி வைத்திருக்கிறோம். காசை மிச்சப்படுத்திக் கொடுத்தோம். நேரத்தையும் கொடுப்போமா என்பதுதான் கேள்வி.

ஒத்துக்கொள்வாரா? தெரியாது. டெல்லியில் அவ்வளவு படித்தவர்கள், அவ்வளவு ஆதாரத்தோடு பேசியும் நடக்கவில்லை. ஆனால் அடுத்த முறை யாராவது "டெல்லியிலயே இடிச்சுட்டாங்க" என்று சொன்னால், எனக்குப் பதில் வராமல் இருக்காது. கேட்ட உங்களுக்கும் வராமல் இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன்.

நாளைக்கு நீங்கள் போகிற பஸ் சிக்னலில் நிற்கும்போது, ஜன்னல் வழியாகச் சுற்றி இருக்கிற வண்டிகளை எண்ணிப் பாருங்கள். பிறகு திரும்பி, பஸ்ஸுக்குள் இருக்கிற தலைகளை எண்ணிப் பாருங்கள். அடுத்த அத்தியாயத்தில் சந்திப்போம்.